எதிர்வீட்டுக்காரர் எங்கே சாப்பிடுகிறார்?

ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் பயணிக் கப்பல் வந்து நின்றால் பஸ்ஸோ டாக்ஸியோ தேட வேண்டியதில்லை. இறங்கிச் சாலையைக் கடந்தால் பழைய நகரம் வந்துவிடும். முதலில் கண்ணில் படுவது சான் ஹுவான் தே தியோஸ் சதுக்கம். நகர்மன்றக் கட்டடத்துக்கு எதிரே குடை விரித்த மேசைகள், மேசைக்கு மேசை படம் போட்ட மெனு அட்டை, நாலைந்து மொழிகளில் பதார்த்தங்களின் பெயர். பாயெல்லா சோறும் சங்ரியா பானமும் முதல் பக்கத்திலேயே இருக்கும். பாயெல்லா, நாட்டின் இன்னொரு பக்கத்தில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் வலென்சியாவின் சமையல். காதிஸ் இருப்பதோ அட்லாண்டிக் கரையில். இந்த ஊர்க்காரர் ஒருவர் வேலை முடிந்து நண்பரோடு ஒரு கிளாஸ் பீருக்கு ஒதுங்கினால் பாயெல்லாவைக் கேட்கவே மாட்டார்.

அப்படி ஒதுங்குகிறவர் எங்கே போகிறார்? ஸ்பெயின் கடற்கரை ஊர்களில் கைக்கு அடக்கமான விலையில் அசல் தபாஸ் என்கிற சின்னத் தட்டுப் பதார்த்தங்களைத் தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். மாடியில் துணி காய்கிறதா, கீழே மளிகைக் கடை இருக்கிறதா, ஸ்கூல் பையோடு பிள்ளைகள் போகிறார்களா? இவை இருக்கும் தெருவில் நல்ல பார் கவுண்ட்டரும் இருக்கும். இவை இல்லாத தெருவில் எவ்வளவு பழைய பலகை தொங்கினாலும் சந்தேகத்தோடுதான் உள்ளே நுழைய வேண்டும்.

பார் என்றதும் நம் மனசில் எழுகிற இருட்டு அறைச் சித்திரத்தை முதலில் அழித்துவிட வேண்டும். இங்கே பார் என்பது தெருவின் பொதுத் திண்ணை. காலையில் காபியும், ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தக்காளி தடவிய டோஸ்ட்டும். நண்பகலில் மீன். மாலையில் சீட்டாட்டம். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டி வருவார். பீரே வாங்காமல் ஆரஞ்சுச் சாறு குடித்துவிட்டுப் போவார். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

சதுக்கத்திலிருந்து மேற்கே பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் லா வீன்யா. மீனவர்களின் பேட்டை. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நிலநடுக்கம் கிளப்பிய ஆழிப்பேரலை இங்கேதான் ஊருக்குள் புகுந்தது. பால்மா மாதாவின் கொடியை முன்னால் பிடித்தபடி பாதிரியார் எதிர்கொண்டதும் தண்ணீர் தெருவிலேயே நின்று திரும்பிவிட்டது என்பது ஊர் நம்பிக்கை. அந்த மாதாவின் பெயரைத் தாங்கிய தெருதான் இன்றைக்குப் பேட்டையின் சாப்பாட்டுத் தெரு. கடலோரம் லா கலேத்தா கடற்கரை, இரண்டு பக்கமும் இரண்டு கோட்டைகள். 2002இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹவானாவாக நடித்தது இந்தக் கரைதான்.

மாதா தெருவிலும் இப்போது மேசை, குடை, படம் போட்ட அட்டை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அதிலிருந்து பிரியும் குறுக்குச் சந்துகளில் இன்னும் சில பழைய பார்கள் மூச்சு விடுகின்றன. அப்படி ஒன்றில் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நாற்காலி கிடையாது. மரக் கவுண்ட்டர், பின்னால் ஷெர்ரி வைன் பீப்பாய்கள், சுவர் முழுக்கக் கார்னிவல் போஸ்டர்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவுகிறார். கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து ஆறவைத்தது. சீவல்களைப் பழுப்புக் காகிதத்தின் மேல் பரப்பி, உப்பு தூவி, எலுமிச்சையைப் பிழிந்து நம் பக்கம் தள்ளுகிறார். தட்டு கிடையாது. இதுதான் காதிஸின் சிச்சரோனெஸ். கணக்கைச் சாக்பீஸால் கவுண்ட்டர் பலகையிலேயே எழுதுகிறார். இன்னொரு கிளாஸ் வாங்கினால் கீழே இன்னொரு எண். காசு கொடுத்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பு, பலகை சுத்தமாகிவிடுகிறது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். இது மாதிரி இடத்தில் சின்ன கிளாஸ் பீர், அதாவது 'கான்யா', சுமார் ஒன்றரை யூரோ. ஒரு தபா இரண்டரையிலிருந்து நாலு யூரோவுக்குள் இருக்கும். யூரோவுக்குச் சுமார் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் நன்றாகச் சாப்பிட்டு இருபது, இருபத்தைந்து யூரோவுக்குள் வெளியே வந்துவிட முடியும். சதுக்கத்துக் குடையின் கீழ் அதே பசிக்கு இரு மடங்கு ஆகும். கிரனாதாவிலும் அல்மெரியாவிலும் பானம் வாங்கினாலே கூட ஒரு தபா இலவசமாக வரும். காதிஸில் அந்த வழக்கம் கிடையாது; நாலு ஆலிவ் காய் வந்தால் அதிர்ஷ்டம்.

அளவு மூன்று: தபா, அரைத் தட்டான மெதியா ரசியோன், முழுத் தட்டான ரசியோன். பல இடங்களில் தபா அளவு கவுண்ட்டரில் நிற்பவருக்கு மட்டும்தான். மேசையில் உட்கார்ந்தால் அரைத் தட்டிலிருந்துதான் ஆரம்பம். கால் வலித்தாலும் நில்லுங்கள் என்பேன். காசு மிச்சம் என்பதோடு, பக்கத்தில் நிற்பவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து அதையே கை காட்டிக் கேட்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது தோர்த்தியித்தா தே கமரோனெஸ், அதாவது கூனி இறால் அடை. வளைகுடாவைச் சுற்றியுள்ள உப்பளக் கால்வாய்களில் கிடைக்கிற நகக்கண் அளவு கூனி. கொண்டைக்கடலை மாவும் கோதுமை மாவும் கலந்து மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து, வெங்காயமும் பார்ஸ்லிக் கீரையும் பொடியாக நறுக்கிப் போட்டு, கூனியைத் தோலோடு அப்படியே கொட்டிக் கலக்குவார்கள். கரண்டியால் மொண்டு காயும் எண்ணெயில் விட்டு, கரண்டி முதுகாலேயே இழுத்துப் பரப்புவார்கள். ஓரமெல்லாம் கண் கண்ணாகப் பொரியும். நடுவில் மாவு மெத்தென்று இருந்தால் அது தேறாது. தட்டில் இருப்பவை எல்லாம் ஒரே வட்டம், ஒரே அளவு என்றால் ஃப்ரீசர் பாக்கெட்டிலிருந்து வந்தவை என்று புரிந்துகொள்ளலாம். கையால் ஊற்றியவை ஒன்று போல இன்னொன்று இருக்காது. இந்த ஒரு பதார்த்தத்தை வைத்தே ஒரு பாரை எடை போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது பப்பாஸ் அலின்யாஸ். வேகவைத்த உருளைக்கிழங்கை ஷெர்ரி வினிகர், ஆலிவ் எண்ணெய், வெங்காயம், பார்ஸ்லி சேர்த்துப் பிரட்டியது. பெரும்பாலும் மேலே சூரை மீன் துண்டு வைப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு கசோன் என் அதோபோ. சிறிய சுறாவைத் துண்டு போட்டு வினிகர், பூண்டு, சீரகம், ஓரிகானோ, மிளகாய்த் தூளில் ஊறவைத்துப் பொரிப்பது. கடல் சாமந்தியைக்கூடப் பொரித்துத் தருகிறார்கள். வாயில் போட்டால் அலை ஒன்று உள்ளே போன மாதிரி உப்பும் பாசியும் மணக்கும். கூடக் குடிக்க, பக்கத்து ஊரான சான்லூக்கரின் மன்சனீயா ஷெர்ரி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை போனால், கோனில், பர்பாத்தே பக்கம் கரையோர வலைப்பொறிகளில் பிடிபடும் நீலத்துடுப்புச் சூரை புதிதாகக் கிடைக்கும். அது மலிவு இல்லை. அதன் உப்புக் கருவாடான மொகாமாவை நாலு சீவல் வாங்கினால் அதன் ருசி தெரிந்துவிடும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வழி குறுகல்தான். கொண்டைக்கடலை போட்ட கீரை, கிரசலேமா மலை ஆடுகளின் பாலில் செய்யும் பயோயோ சீஸ், மீன் வைக்காத உருளைக்கிழங்கு ஆகியவற்றை வைத்து ஒரு வேளையைக் கடத்தலாம். கீரைக்குள் ஹாம் துண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நேரம் முக்கியம். மதியம் ஒன்றரைக்கு முன்னால் அடுப்பு சூடாகாது. நாலு மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் மறுபடி. ஆறு மணிக்கு முழுச் சாப்பாடு போடுகிற இடம் உள்ளூர்க்காரருக்காக நடத்தப்படுவது இல்லை. திங்கட்கிழமை மீன் சாப்பிட அலையாதீர்கள். ஞாயிறு படகுகள் கடலுக்குப் போவதில்லை.

மீன் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் செவ்வாய் காலையில் மத்தியச் சந்தைக்குப் போக வேண்டும். 1838இல் கட்டியது, தூண் வரிசைகளோடு ஸ்பெயினின் மிகப் பழைய கூரைச் சந்தைகளில் ஒன்று. 2009இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நடு மண்டபம் முழுக்க மீன்தான்: நாக்குமீன், கணவாய், நெத்திலி, ஆள் தூக்க முடியாத சூரைத் துண்டுகள். சுற்று வரிசையில் இப்போது தின்பண்டக் கடைகள். அங்கேயும் நன்றாகச் சாப்பிடலாம். ஆனால் வருஷத்துக்கு வருஷம் அந்த வரிசை பயணிகள் பக்கமாகவே சாய்ந்துகொண்டு போகிறது. கூடை தூக்கி வருகிற பெண்கள் மீன் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள்.

இவற்றையெல்லாம்விட மலிவானது ஃப்ரெய்தோர், அதாவது மீன் பொரித்து விற்கும் கடை. எடை கணக்கு. கால் கிலோ என்று கேட்டால் கலந்து பொரித்த மீனைக் காகிதப் பொட்டலத்தில் சுருட்டித் தருவார்கள். லா கலேத்தா கரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டியதுதான். இரண்டு பேருக்குப் போதும்.

பில்லில் ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள். மெனுவில் எதற்காவது விலைக்குப் பதில் 'சந்தை விலைப்படி' என்று இருந்தால், கேட்காமல் வாங்கக் கூடாது. மீனையும் இறாலையும் கிலோ விலையில் எழுதியிருந்தால், எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வெளி மேசைக்கு விலை கூடுதலாக இருக்கலாம். கேட்காமலே வருகிற ரொட்டிக்கும் மொறுமொறு குச்சிகளுக்கும் பில்லில் ஒரு வரி விழலாம். 2022இல் வந்த கழிவுச் சட்டம், உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. பாட்டில் தண்ணீர்தான் என்று சொன்னால் குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் கேட்கலாம்.

இதெல்லாம் தெரிந்த விஷயம். ஓரளவு விசாரித்தால் யாருக்கும் கிடைத்துவிடும். எனக்கு மனசில் உறுத்துவது வேறு. இந்தக் கவுண்ட்டர்கள் இன்னும் எத்தனை நாள்?

காதிஸ் ஒரு ஒல்லியான நிலக்காலின் நுனியில் நிற்கிற ஊர். மூன்று பக்கமும் கடல். புதிதாக வீடு கட்ட ஒரு மனை கிடையாது. 1990களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று 1,10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. கப்பல் கட்டும் தளங்கள் சுருங்கி வேலை போனது பழைய காரணம். புதிய காரணத்தை லா வீன்யாவின் கதவுகளிலேயே பார்க்கலாம்: எண்களைத் திருப்பித் திறக்கிற சின்ன சாவிப் பெட்டி. வாசலுக்கு வாசல் ஒன்று, சில வாசல்களில் மூன்று நாலு. வாரக் கணக்கில் பயணிகளுக்கு விடுகிற வீடுகள். ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுப் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்த கட்டடங்களில் இப்போது இரண்டு முதியவர்களும் எட்டுச் சாவிப் பெட்டிகளும்.

இதற்கும் சிச்சரோனெஸ் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முழுச் சம்பந்தமும் இருக்கிறது. மாடியில் குடியிருக்கிறவர் தினமும் கீழே இறங்கி வருகிறார். பீரில் பத்து சென்ட் ஏறினால் கேட்பார். மீன் நேற்றையது என்றால் முகத்துக்கு நேரே சொல்வார். மழை பெய்யும் ஜனவரியிலும் வருவார். பயணி வாழ்க்கையில் ஒரு தடவை வருகிறார். அவர் திரும்பி வர வேண்டும் என்கிற கவலை பார்க்காரருக்கு இல்லை. வாடிக்கைக்காரரின் நச்சரிப்புதான் விலையையும் தரத்தையும் கட்டிப் பிடித்திருக்கும் கயிறு. வறட்சியால் 2023, 2024இல் ஆலிவ் எண்ணெய் விலை இரு மடங்குக்கு மேல் எகிறியபோது ஸ்பெயின் முழுக்க பொரிக்கிற கடைகள் திணறின. பக்கத்து வீட்டுக்காரரை நம்பி நடக்கும் கடை அப்போது லாபத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கப் பார்க்கும். பயணியை நம்பும் கடை அட்டையைத் திருத்தி அச்சடித்துவிடும்.

கடை வாடகையின் கதையும் இதோடு சேர்ந்தது. 1985 மே மாதத்துக்கு முன்னால் எழுதின கடை ஒப்பந்தங்களில் வாடகை ஏறக்குறைய உறைந்தே கிடந்தது. 1994இல் வந்த வாடகைச் சட்டம் அவற்றுக்குக் காலக்கெடு வைத்தது. நிறுவனங்களுக்கு 2014 முடிவோடு கதை முடிந்தது. தனி ஆள் பெயரில் இருந்தால் அவர் ஓய்வு பெறும் வரை தொடரலாம். மலிவான பழைய பார்களில் எழுபதைத் தொட்ட ஒருவர் இன்னும் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தால், இந்தச் சட்டப் பிரிவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் ஏப்ரனைக் கழற்றும் நாளில் சந்தை வாடகை வந்து நிற்கும். மகனோ மகளோ காலை ஏழிலிருந்து நள்ளிரவு வரை நிற்கிற வேலைக்கு வர விரும்புவதில்லை. விரும்பினாலும் அந்த வாடகையை ஒன்றரை யூரோ பீரில் எடுக்க முடியாது. அடுத்து வருகிறவர் ஓடுகளையும் பீப்பாய்களையும் போஸ்டர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, பச்சைச் சூரையைப் பதினாறு யூரோவுக்குத் தட்டில் அடுக்குவார். சாப்பாடு நன்றாகவே இருக்கலாம். ஆனால் மாடியில் மிச்சம் இருக்கிற இரண்டு முதியவர்களால் அங்கே நுழைய முடியாது.

சுற்றுலாதான் சோறு போடுகிறது, இந்த மாகாணத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் எப்போதும் நாட்டிலேயே மோசமான வரிசையில் இருக்கிறது, வாடகைக்கு விட்ட காசில்தான் இடிந்த வீடுகளைச் சரி செய்தோம் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். மறுக்க முடியாது. ஆனால் அந்த வேலைகளில் பலவும் சீசன் வேலை. அதைப் பார்க்கிற பரிமாறுபவரே ஊருக்குள் வீடு கிடைக்காமல் பாலம் கடந்து வந்து போகிறார்.

2024இல் சுமார் 9.4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் ஸ்பெயினுக்கு வந்தார்கள். அந்த ஜூன் கடைசியில் மலாகா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டு ஊர்வலம் போனார்கள். காதிஸில் கார்னிவல் பாட்டுக் குழுக்கள் வாடகையையும் சாவிப் பெட்டியையும் பாட்டில் கிழிக்கின்றன. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு கட்டடத்தில் புதிதாகச் சுற்றுலா வீடு தொடங்க வீட்டுக்காரர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்றவற்றை இது தொடாது. லா வீன்யாவில் அந்த ஓட்டுப் போடுவதற்கே குடியிருப்பவர்கள் போதாத கட்டடங்கள் இருக்கின்றன. சம்மதம் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் வாடகைக்கு விடுகிற முதலாளிகளாகவே இருந்தால் சட்டம் என்ன செய்யும்?

பயணியின் கையில் ஒன்று இருக்கிறது. தங்குவதற்கு ஹோட்டலையோ சிறிய 'ஒஸ்தால்' விடுதியையோ எடுத்துக்கொள்வது. அறையில் அடுப்பு இருக்காது, பால்கனி இருக்காது. ஆனால் ஒரு குடும்பம் இருந்திருக்க வேண்டிய வீட்டில் படுத்துக்கொண்டு, கீழே அந்தக் குடும்பம் சாப்பிட்ட பாரைத் தேட வேண்டியிருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது: போனவர்களைப் பின்தொடர்வது. பழைய நகரத்தின் கோட்டைவாசலான புவெர்தாஸ் தே தியெர்ராவுக்கு வெளியே, கடற்கரைச் சாலைக்குப் பின்னால், 1960, 70களின் அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. லா லகுனா, லொரேத்தோ மாதிரியான பேட்டைகள். பழமையான ஓடு கிடையாது, பீப்பாய் கிடையாது. டியூப்லைட், எவர்சில்வர் கவுண்ட்டர், மூலையில் கால்பந்து ஓடுகிற டிவி. போட்டோ எடுக்க ஒன்றுமே இல்லை. வீன்யாவை விட்டு வந்த குடும்பங்களில் பலவும் இங்கேதான் இருக்கின்றன. அவர்களோடு கூனி அடையும் ஊறவைத்த சுறாவும் வந்துவிட்டன. விலை பழைய நகரத்தைவிடக் குறைவு. தட்டு சற்றுப் பெரிது.

இன்னும் வெளியே போக மனசிருந்தால், 2022 அக்டோபரில் ஓடத் தொடங்கிய டிராம்-ரயில் காதிஸிலிருந்து சான் பெர்னாந்தோ வழியாக சிக்லானா வரை போகிறது. கூனி அடை எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று சான் பெர்னாந்தோக்காரர்கள் காதிஸோடு சண்டை போடுவார்கள். ஃபிளமெங்கோ பாடகர் கமரோன் தே லா இஸ்லா பிறந்த ஊர். உப்பளம் ஊரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, கூனி அதிக தூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஊருக்குள் இறங்கி, டிராம் ஓடும் பெரிய தெருவை விட்டு ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்தால் போதும். சனிக்கிழமை மதியம் இரண்டரைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள், கவுண்ட்டரில் முழங்கை வைக்க இடம் இருக்காது. ஒன்றரைக்கே போய்விடுங்கள்.